தண்ணீர் ஊற்றாத கமால் பாய்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கமால் பாய் இறந்துபோன செய்தி வந்தபோது நான் பருத்திப்பட்டு சலூனில் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கம் ஆரம்பிக்கவில்லை. போனில் பாயின் மருமகன் இக்பால்.

"அண்ணே, மாமா போய்ட்டாரு. காலைல குடோன்ல கயிறு சுத்திகினு இருந்தாரு. அப்படியே கயித்து மேலயே சாஞ்சிட்டாரு."

எழுந்து ஓடினேன். கழுத்தில் கட்டிய துணியோடு டெம்போவை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பதைக் கரையான்சாவடி சிக்னலில்தான் கவனித்தேன். மீசையை அப்போதும் கவனிக்கவில்லை. பூந்தமல்லியில் பாய் வீட்டு வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லோரும் முதலில் மீசையைப் பார்த்தார்கள், பிறகுதான் அழுதார்கள். பாய் இருந்திருந்தால், "இன்னா ஏழு, ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வயசாச்சா?" என்று கேட்டிருப்பார். கேட்கிறவர் உள்ளே வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

என் பெயர் ஏழுமலை. டெம்போ ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நம்முடைய பந்தல், சமையல், வாடகைப் பாத்திரக்காரர்கள் சங்கத்தில் பாய்க்கு நினைவுக் கூட்டம் போடுகிறார்கள். அன்று எல்லோருக்கும் கொடுக்கிற நினைவு மலரில் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என்னிடம் கேட்டார். "பாயைப் பத்தி உனக்குத்தாம்பா நெறைய தெரியும். நீயே எழுது. அந்த ஆஸ்திரேலியா கதைய மட்டும் உட்டுடாத" என்று சொல்லிவிட்டு, சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்தார். அந்தக் கதையை விடக்கூடாது என்பதற்காகத்தான் நான் எழுத ஒத்துக்கொண்டேன். என் மகள் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

பாயைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் முப்பது வருடமாக எந்த வீட்டு வாசலில் பந்தல் நின்றாலும், நான்கில் ஒன்று அவருடையது. ஒல்லியான மனிதர். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் ஒரு கண்டு கயிறு செருகியிருப்பார். ஆணி அவருக்கு ஆகாது. "ஆணி அடிச்சா மரத்துக்கு வலிக்கும், அவுக்கறவனுக்கும் வலிக்கும். கயிறுன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்பார். அவர் போடுகிற முடிச்சு ஒன்று இருக்கிறது. யானை இழுத்தாலும் வராது. அவர் ஒரு முனையைச் சுண்டினால் தானாக அவிழும். அதை எனக்கும் கற்றுக் கொடுத்தார். எனக்குக் கட்டத்தான் வரும். சுண்டி அவிழ்க்க வரவே இல்லை.

அவரோடு நான் முதன்முதலில் லோடு அடித்தது திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு. பாறை மாதிரிச் செம்மண். கடப்பாரை போட்டால் டங்கென்று எகிறுகிறது. பாய் அவசரப்படவில்லை. கால் நட வேண்டிய இடங்களில் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தி, அப்படியே ஒரு திருகு திருகிக் குறி வைத்தார். பிறகு குறி வைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னா பாய், தண்ணி ஊத்தறீங்க? கம்பு மொளைக்குமா?"

"மொளைக்காது நைனா. ஆனா நிக்கும். மண்ணுக்கு மொதல்ல தண்ணி குடு, அப்பறம் கடப்பாரை குடு. வெறும் வயித்துல எவனும் அடி தாங்க மாட்டான்."

அன்றிலிருந்து அது எங்கள் வேலை முறை. அவர் குதிகால் வைத்துக்கொண்டே முன்னால் போவார். நான் பின்னாலேயே குடத்தோடு போய் ஊற்றிக்கொண்டே வருவேன். பேச்சே தேவையில்லை. குதிகால் குறியைப் பார்த்தால் என் கை தானாகச் சாயும். கிட்டத்தட்ட இருபது வருடம். எத்தனை குறி, எத்தனை குடம் என்று யார் எண்ணினார்கள்?

எங்களோடு மூன்றாவது ஆள் தேவராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தவன். கை வேலைக்காரன், கோபக்காரன். அவன் அம்மா இறந்த அன்று கொட்டுகிற மழை. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைவதற்குள் பாய் அந்தச் சந்து முழுவதற்கும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டார். அந்த அம்மாள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து தேவாவுக்குப் பாய் என்றால் உயிர். பிறகு அவன் வேலை கிடைத்து ஆஸ்திரேலியாவுக்குப் போனான். அங்கே சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக். போனில் பேசும்போதெல்லாம், "பாயைக் கூட்டினு வாடா, இங்க கீற ஆகாசத்தைக் காட்டணும். இவ்ளோ பெரிய பந்தலை அவரு பாத்திருக்க மாட்டாரு" என்பான். எட்டு வருடத்துக்கு முன்னால் டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டான்.

எப்போது போவது என்று நாங்கள் யோசித்த யோசனை உலகத்தில் வேறு யாரும் யோசிக்க மாட்டார்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. பந்தலும் சும்மா, டெம்போவும் சும்மா. அதனால் மார்கழியில் போனோம். இங்கே பனி கொட்டுகிற மாதத்தில் அங்கே அக்கினி நட்சத்திரம் என்று விமானத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பாய் மப்ளர் கட்டியிருந்தார். தேவா எங்களைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில் அதுதான் கடைசி பெரிய சிரிப்பு.

அடிலெய்டு என்ற ஊரிலிருந்து வடக்கே, அவனுடைய பழைய ஜீப்பில், கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஏழு நாள் பயணம், வழியில் கூடாரம் போட்டுத் தங்குவது. அவனுக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை. பல மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தான்.

அந்தப் பூமியை எப்படிச் சொல்வது? சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லைப் பொடித்துக் கொட்டின மாதிரி கண் போகும் தூரம் சிவப்பு. மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. மூன்று லாரியை ஒன்றாகக் கோத்தது போல ஒரு லாரி எப்போதாவது வரும். அது கடந்து போனால் நம் வண்டி இரண்டு நிமிடம் ஆடும். ரோட்டோரத்தில் செத்த கங்காரு. ஈ என்றால் அப்படி ஒரு ஈ, மூக்குக்குள் குடித்தனம் நடத்துகிறது. "தேவா, இவ்ளோ காலி மனை கீதே, இதுவே வேப்பம்பட்டா இருந்தா இந்நேரம் கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, சண்டே சண்டே ஏசி பஸ்ல ஆளக் கூட்டினு வந்திருப்பானுங்க" என்றேன். பாய் முகத்தில் மாட்டியிருந்த ஈ வலைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

முதல் நாளே ஐஸ் பெட்டியை மூடாமல் விட்டேன். அத்தனை ஐஸும் தண்ணீராகிப் பாலும் கெட்டது. இரண்டாம் நாள் வண்டிச் சாவியை மணலில் தொலைத்து, மூன்று பேரும் ஒரு மணி நேரம் வெய்யிலில் தவழ்ந்து தேடினோம். தேவா என் முன்னால் விரலை ஆட்டினான். "இன்னொரு தபா எதனா பண்ணே, மொத பஸ்ல ஏத்தி உட்ருவேன். அப்பறம் உன் இங்கிலீஷ வெச்சிகினு நீயே ஊடு போய்ச் சேரு." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ரிவர்ஸ்', 'ஹோல்டான்' இரண்டுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பாய் ஐந்து வேளை தொழுகிறவர். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ வேண்டும். முதல் நாளிலிருந்தே அந்தக் கேன் தண்ணீரை அவர் அதற்குத் தொடவில்லை. தண்ணீர் குறைவான இடத்தில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ள அவர்கள் மார்க்கத்தில் அனுமதி உண்டாம். தயம்மும் என்பார்கள். தினமும் அந்தச் செம்மண்ணைத்தான் தொட்டுத் தடவிக்கொண்டு தொழுதார். "குடிக்கற தண்ணிடா ஏழு. இத்த வெச்சிகினுதான் உசிரோட திரும்பணும்" என்றார். தேவாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றாம் நாள் பகல். தார் ரோட்டை விட்டு மண் பாதையில் திரும்பி இரண்டு மணி நேரம் ஓட்டி, காய்ந்த ஓடைக்கரை ஒன்றில் தேவா வண்டியை நிறுத்தினான். அங்கேதான் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். அவன் விறகு பொறுக்க ஓடைக்குள் இறங்கிப் போனான். கூடாரத்தை நாங்கள் போட வேண்டும். கூடாரத்து முளையை அடித்தால் முளை வளைகிறது, மண் அசையவில்லை. பாய் இடுப்பில் கை வைத்து நின்று மண்ணைப் பார்த்தார். பிறகு, அவரும் அறியாமல், குதிகாலால் நான்கு இடத்தில் ஒரு அழுத்து, ஒரு திருகு. குறி வைத்துவிட்டு ஜீப்பில் கயிறு கட்டத் திரும்பிக்கொண்டார்.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு குறியிலும் ஊற்றினேன்.

நிதானமாக, சிந்தாமல், நான்கு குறிக்கும் சமமாகப் பங்கு வைத்து ஊற்றினேன். மண் சத்தம் போட்டுக் குடித்தது. கேன் காலியாகி இலேசான பிறகுதான் எனக்கு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. இன்னொரு கேன் முந்தின நாளே தீர்ந்திருந்தது. பாய் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த கேனைப் பார்த்தார். நான்கு ஈரத்தையும் பார்த்தார். வந்து கேனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் கையில் கேன் இருந்தபோதுதான் தேவா விறகோடு ஏறி வந்தான்.

"எவன்டா ஊத்தனது?"

பாய் சொன்னார்: "நான்தாம்பா தேவா. பழக்கம். கை போய்டுச்சி."

தேவா விறகைக் கீழே எறிந்தான். "மூளை கீதாய்யா உனக்கு? சாவடிக்கறதுக்கா உன்னக் கூட்டினு வந்தேன்? நான் எவ்ளோ நாளாப் போட்ட பிளான்... ஊர்ல குழி தோண்டறவன இங்க கூட்டினு வந்தேன் பாரு, எனக்கு வேணும்." அதுவரைக்கும் அவன் பாயை 'உனக்கு' என்று பேசி நான் கேட்டதில்லை. பாய் தலையைக் குனிந்து நின்றார். நான் பக்கத்தில், இரண்டு முழம் தூரத்தில் நின்றேன். வாயடிக்கிற ஏழுமலை, ஊரையே கலாய்க்கிற ஏழுமலை, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

உடனே திரும்பினோம். ஆளுக்கு ஒரு பாட்டில் மிச்சம். பாதி வழியில் ரேடியேட்டர் ஒழுகி வண்டி கொதித்தது. இரண்டு பாட்டில் அதற்குப் போனது. எப்படியோ தார் ரோட்டைத் தொட்டதும் வண்டி நின்றே போனது. வெய்யில் மண்டையைப் பிளக்கிறது, நிழல் என்று சொல்ல ஒரு செடி கிடையாது. ஜீப்புக்குள் உட்கார்ந்தால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி. பாய் எழுந்தார். தார்ப்பாயை எடுத்து ஒரு பக்கம் ஜீப்பின் மேல்கம்பியில், இன்னொரு பக்கம் ரோட்டோரப் பலகைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினார். அடியில் காற்று புகுந்து போகிற மாதிரி கொஞ்சம் சாய்த்து. ஐந்து நிமிடத்தில் ஒரு பந்தல். அதற்குக் கீழே நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தோம். கடைசியில் ஒரு நீள லாரிக்காரன் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பந்தலுக்குக் கீழே, தேவா ரோட்டில் போய் நின்றிருந்த நேரத்தில், நான் பாயிடம் கேட்டேன். "பாய், நான் சொல்லிட்றேன்."

"இப்ப வேணாம். ஏற்கெனவே உன் மேல கடுப்புல கீறான். இந்த வெய்யில்ல சண்டை வேற வேணாம்."

"ஊத்தனது நான்தானே பாய்."

"குதிகால் வெச்சது நான்தானே? நீ இன்னா பண்ணுவே." மிச்சமிருந்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "ஊருக்குப் போய்ச் சொல்லிக்க. அவனுக்கும் கோவம் எறங்கிடும்."

ஊருக்கு வந்தோம். மறுநாள் பூந்தமல்லி டீக்கடையில் நம்ம ஆட்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா மாமே, ஆஸ்திரேலியா எப்படி?" பாய் குடோனில் இருந்தார். சத்தியமாக நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்" என்று ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் "நம்ம பாய் கீறாரே" என்று வந்துவிட்டது. கேட்டவர்கள் டீயைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். அடுத்தவர் சிரிப்பது எனக்கு, குடிகாரனுக்குச் சாராயம் மாதிரி. நிறுத்தவே முடியவில்லை.

எட்டு வருடம் சொன்னேன். சமையல் கட்டுகளில், மண்டப வாசல்களில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றி. இரண்டாவது கேனைச் சேர்த்தேன். பாய் அங்கே வெண்டைக்காய் விதை போட்டதாகச் சேர்த்தேன். தார்ப்பாய்ப் பந்தலை மட்டும் நான் எந்தத் தடவையும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் சிரிப்பு வராது. பசங்கள் அவருக்கு 'பாலைவன பாய்' என்று பெயர் வைத்தார்கள். அம்பத்தூரில் ஐடி பிள்ளைகள் நிறைந்த அடுக்குமாடியில் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடப் போனால், "அங்கிள், டெசர்ட்டுக்குத் தண்ணி ஊத்தனது நீங்கதானா?" என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் நின்று கொடுத்தார். அதற்கப்புறம் அவர் மண்ணில் குதிகால் வைப்பதை விட்டுவிட்டார். சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்.

எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் இதைப் பற்றி என்னிடம் பேசினார். அதுவும் ஆவடியில், நான் சுவை கூட்டிச் சொல்லி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு. "ஏழு, கதையக் கொஞ்சம் சின்னதா சொல்லு. பசங்க வேலைய உட்டுட்டுக் கேட்டுகினு கீறானுங்க." அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன் தேவா ஊருக்கு வந்து ஆவடியில் மகளுக்குக் கல்யாண வரவேற்பு வைத்தான். எனக்குப் பத்திரிகை வந்தது, பாய்க்கு வரவில்லை. பந்தல் வேறு ஆளுக்கு. ஏன் என்று தேவாவிடம் கேட்டேன். "தண்ணி ஊத்தற ஆள நம்பி என் பொண்ணு கல்யாணத்த உட முடியுமா?" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைத்தான் சொன்னேன், தேவாவே சிரித்தான். அன்று ராத்திரி பாய் எனக்குப் போன் போட்டார். "பொண்ணு நல்லா இருந்துச்சா? பந்தல் கால் ஆடாம நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று வைத்துவிட்டார். தேவா அம்மாவுக்கு மழையில் தார்ப்பாய் கட்டியவர்.

இப்போது அடக்கம் நடந்த நாளுக்கு வருகிறேன். கபரஸ்தானில் மண் தள்ளி முடித்ததும், மேட்டின் மேல் ஒரு குடம் தண்ணீர் தெளிப்பார்கள். இக்பால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் தெளித்துக்கொண்டு போனான். எனக்குப் பின்னால் ஒரு குரல், கிசுகிசுப்பாக: "பாய்க்குப் பிடிச்ச வேலை." இரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள்.

யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. யாராக இருந்தால் என்ன, அந்த நகைச்சுவை என்னுடையது. நான் செய்து விற்ற சரக்கு. கடைசியில் அவர் தலைமாட்டிலேயே இறங்கியது.

வெளியே வந்து தேவாவுக்குப் போன் போட்டேன். செய்தி கேட்டு அழுதான். "சண்டைய வெச்சிகினே போய்ட்டாரே" என்றான்.

"தேவா, அன்னிக்கித் தண்ணி ஊத்தனது நான்டா."

"நான் அவர இன்னா இன்னா பேசினேன் தெரியுமாடா உனக்கு?" என்றான். "நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே." வைத்துவிட்டான். இன்றுவரைக்கும் என் போனை அவன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாம் நாள் பாய்க்காக ஓதுகிற பாத்திஹாவுக்குப் போனேன். பாயின் மனைவி நூர்ஜகான் அக்கா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன் வராமல் இருப்பது அவர்கள் வழக்கம். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் தரையில் நான் உட்கார்ந்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பினேன். பாய் கட்டாயம் வீட்டில் சொல்லியிருப்பார், "தெரியும் தம்பி, அவரு சொன்னாரு" என்று அக்கா சொல்லுவார், நான் கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சொன்னேன். குறியில் ஆரம்பித்து கேன் வரைக்கும், தார்ப்பாய்ப் பந்தல் வரைக்கும், முழுதாக.

"என்கிட்ட சொல்லவே இல்லியே தம்பி அவரு."

அக்காவே மேலும் சொன்னார்.

"ஊட்டுல அவரு கை தவறி ஒரு சொம்பு தண்ணி சிந்தினாக்கூட, 'இது ஆஸ்திரேலியா இல்ல, பாத்து ஊத்துங்க'ன்னு சொல்வேன். பேரப் பசங்கள்லாம் சிரிக்கும். அவரும் சிரிப்பாரு. எட்டு வருஷமாச் சொன்னேனே தம்பி. சாவறதுக்கு மொத நாள் கூடச் சொன்னேன்."

பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. பாரம் இறங்கவில்லை. இன்னொருவர் தலையில் பாதியை ஏற்றி வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தெரு ஜனத்துக்கும் சொல்லிடு. அவரு போனப்பறமாவது" என்று மட்டும் திரைக்குள்ளிருந்து வந்தது.

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வாயால் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நான் நன்றாகத்தான் சொன்னேன். இனிமேல் சொல்கிறவர்கள் இப்படிச் சொல்லுங்கள்: பாலைவனத்தில் குடிக்கிற தண்ணீரைக் கொட்டியவன் டெம்போ ஏழுமலை. தொழுகைக்குக்கூட அந்தத் தண்ணீரைத் தொடாமல் மண்ணைத் தொட்டவர், அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, கொட்டியவனுக்கும் திட்டியவனுக்கும் சேர்த்து நிழல் கட்டியவர் பந்தல் கமால் பாய். இதில் சிரிப்பு வராது. வரவும் வேண்டாம்.

பாய், ஊருக்குப் போய்ச் சொல்லிக்க என்றீர்கள். எட்டு வருடம் தாமதமாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்கிற தூரத்தில் இல்லை. போய் வாருங்கள். அங்கே மண் எப்படியோ தெரியாது. குதிகால் குறி வைத்துவிட்டு யாராவது குடத்தோடு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், அந்த ஆளை நம்ப முடியாது.

அன்று அக்காவிடம் பேசிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களுக்காக பாயின் ஆட்கள் போட்ட சாமியானா இருந்தது. தெருவில் புது சிமென்ட் ரோடு, நான்காவது கால் நட இடமில்லை. அதனால் அந்த மூலை என் டெம்போவின் கொக்கியில் கட்டப்பட்டிருந்தது. கட்டியவன் நான், கட்டியதை மறந்தவனும் நான். பாய் கற்றுக் கொடுத்த முடிச்சு, அவிழவில்லை. சாமியானா, மூன்று கம்பு, பதினோரு நாற்காலி எல்லாம் என் பின்னாலேயே பள்ளிவாசல் முனை வரைக்கும் வந்தன. யாருக்கும் அடியில்லை. சமையல்காரர் ஒருவரின் டீ கொட்டியது. எல்லோரும் ஓடி வந்தார்கள். யாருய்யா இது பண்ணது என்று கேட்டார்கள்.

நான்தான் என்றேன்.